அந்த ‘ரெண்டு வருஷம்’

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏரிக்கரையில் டீ குடிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கீழேயிருந்து வந்தவர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த கிறுகிறுப்பு, வண்டி நிறுத்த இடம் கிடைக்காத கடுப்பு, படகுத்துறையில் முக்கால் மணி நேரம் நின்ற கால்வலி எல்லாம் சேர்ந்து அவர்களை நாட்டைப் பற்றிப் பேசவைக்கும். போன மாதம் ஒருவர் பேசினார். வரிசையில் யாரோ குறுக்கே புகுந்துவிட்டார்களாம். “ரெண்டு வருஷம் மிலிட்டரி ஆட்சி வந்தாத்தானுங்க இந்த நாடு திருந்தும். எல்லாம் தானா நேராயிடும்.” பக்கத்தில் நின்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். டீ மாஸ்டர்கூட ஆற்றிக்கொண்டே ஆட்டினார்.

இதை முதல்முறையாகவா கேட்கிறேன்? முடிதிருத்தும் கடையில், கல்யாணப் பந்தியில், சேலம் டவுன் பஸ்ஸில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் வாயில், இன்ஜினியரிங் படிக்கும் பையன் வாயில் என்று நாற்பது வருஷமாக இதே வாக்கியம், இதே ‘ரெண்டு வருஷம்’. ஐந்து என்றோ பத்து என்றோ யாரும் சொல்வதில்லை. கட்சி, சாதி, வயசு பார்க்காமல் தமிழ்நாட்டில் எல்லோரும் ஒத்துப்போகிற அரசியல் கருத்து இது ஒன்றாகத்தான் இருக்கும். பேச்சுவாக்கில் சொல்வதாலேயே யாரும் மறுத்துப் பேசுவதும் இல்லை. மறுக்காமல் விட்ட பேச்சு நாளடைவில் உண்மை மாதிரி திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறது. இது அதற்கான மறுப்பு.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவர் கோபத்தில் பொய் இல்லை. ஒரு பட்டா மாறுதலுக்காக ஓர் அலுவலகத்துக்குப் பதினாலு மாதம் நடந்தவன் நான். கோப்பு இருந்த மேசைக்கும் கையெழுத்துப் போடும் மேசைக்கும் எட்டடி தூரம். அந்த எட்டடியை என் கோப்பு பதினாலு மாதம் நடந்தது. கடைசியில் ஒரு திங்கட்கிழமை சேலம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் வேலை முடிந்தது. அன்றைக்கு எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் மலைக்கிராமத்துக்காரர்கள். ஒரு பெரியவர் கையில் பேரனின் சாதிச் சான்றிதழுக்கான மனு, இன்னொருவர் கையில் ஊருக்கு ரோடு கேட்டு மனு. விடியும் முன் கிளம்பி, முதல் பஸ் பிடித்து இறங்கி வந்தவர்கள். லஞ்சத்தையும் அலைச்சலையும் டீக்கடை அண்ணனைவிட அவர்கள் நன்றாக அறிவார்கள். ஆனால் மிலிட்டரி ஆட்சி வேண்டும் என்று அந்த வரிசையில் யாரும் பேசி நான் கேட்கவில்லை. கையில் மனு வைத்திருந்தார்கள்.

‘ரெண்டு வருஷம்’ என்ற கணக்கை உலகத்தில் யாரும் போட்டுப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் நம் ஆட்கள் பேசுகிறார்கள். போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நமக்கு நெருக்கமான ஊரில்தான்.

1958இல் பர்மாவின் ஆளுங்கட்சி இரண்டாக உடைந்தது. பிரதமர் ஊ நு, ராணுவத் தளபதி நீ வின்னிடம் ஆட்சியைத் தற்காலிகமாக ஒப்படைத்தார். ஆறு மாதம் என்று தொடங்கிய அந்தக் காபந்து அரசு ஏறத்தாழ ஒன்றரை வருஷம் நடந்தது. ரங்கூன் தெருக்களில் குப்பை அள்ளினார்கள். குடிசைக்காரர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். விலைவாசியை இறக்கினார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்து மெச்சினார்கள். 1960இல் தேர்தல் நடந்தது, ஜெயித்தவர் அதே ஊ நு, நீ வின் அவரிடமே ஆட்சியைத் திருப்பியும் கொடுத்தார். ஏரிக்கரை அண்ணன் கேட்கும் மருந்து அச்சு அசலாக இதுதான். கொஞ்ச காலம் ராணுவம், ஊரெல்லாம் சுத்தம், பிறகு பழையபடி தேர்தல். கதை இங்கே முடிந்திருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

1962 மார்ச் 2 விடியற்காலை அதே நீ வின் திரும்பி வந்தார். இந்த முறை யாரும் அழைக்கவில்லை. அரசியல் சட்டமும் நாடாளுமன்றமும் போயின. ஜூலை 7 அன்று ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. மறுநாள் மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒன்றரை வருஷம் உட்கார்ந்து பழகியவருக்கு அடுத்த தடவை எழுந்திருக்க 26 வருஷம் ஆயிற்று.

அங்கே இருந்த தமிழர்களுக்கு என்ன நடந்தது என்பதை நம் பாட்டன்மார் சொல்லியிருக்க வேண்டும். பர்மா என்றால் செட்டியார் வட்டிக்கடை மட்டும் இல்லை. துறைமுகக் கூலி, அரிசி ஆலை, வயல் வேலை, டீக்கடை, சலவை, தையல் என்று தஞ்சாவூரும் ராமநாதபுரமும் கப்பல் ஏறிப் போயிருந்தன. 1964 மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. மே மாதம் 17ஆம் தேதி 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடையும் போய், பெட்டியில் இருந்த பணமும் காகிதமான பிறகு ஒரு குடும்பம் என்ன செய்யும்? கிளம்பியது. அந்தச் சில வருஷங்களில் ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். துறைமுகத்தில் தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு கப்பல் ஏறிய பாட்டிகளின் கதை இன்றும் பர்மா காலனி வீடுகளில் உண்டு. சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் எதிரே பர்மா பஜார் முளைத்தது இப்படித்தான். அங்கே சாயங்காலம் பர்மாச் சாப்பாடான அத்தோ வாங்கித் தின்கிற பையனிடம் கேட்டால், அது ஏதோ சீனத்து நூடுல்ஸ் என்பான். வந்த இடத்தில் பிழைக்க வழியில்லாமல் தரைவழியாகத் திரும்பப் போகப் பார்த்த சிலர் எல்லையில் மறிக்கப்பட்டு மணிப்பூரின் மோரேவிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது.

அவர்கள் கடையைப் பறித்தபோது எந்தக் கோர்ட்டுக்குப் போவது? எந்தப் பத்திரிகையில் எழுதுவது? எந்தத் திங்கட்கிழமை, எந்த வரிசையில் நிற்பது?

தமிழர்களோடு முடிந்த கதையும் இல்லை. உலகத்துக்கே அரிசி அனுப்பிய நாடு அது. 1987இல் ஐ.நா.வின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்ந்தது. அதே வருஷம் செப்டம்பரில் இன்னொரு முறை நோட்டைச் செல்லாததாக்கினார் நீ வின். 25, 35, 75 கியாத் நோட்டுகள் போய், 45, 90 கியாத் நோட்டுகள் வந்தன. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்: ஒன்பது அவருக்கு ராசியான எண். ஒரு தளபதியின் ஜோசியத்துக்காகப் பர்மாக்காரர்களின் சேமிப்பு ஒரே நாளில் காற்றோடு போயிற்று. பொருளாதாரம் தெரிந்தவர் ஒருவர்கூட அந்த நாட்டில் இல்லையா? இருந்திருப்பார்கள். ‘ஐயா, இது தப்பு’ என்று சொல்ல இடம் இல்லை. 1988 ஆகஸ்ட் 8ஆம் தேதி மக்கள் தெருவில் இறங்கினார்கள், ஆயிரக்கணக்கானோர் சுடப்பட்டார்கள். 1990 தேர்தலில் ஆங் சான் சூ கீயின் கட்சி 485 இடங்களில் 392ஐ வென்றது, ராணுவம் முடிவைக் குப்பையில் போட்டது. நடுவில் பத்து வருஷம் கொஞ்சம் மூச்சுவிட்டார்கள். 2021 பிப்ரவரி 1 அன்று மறுபடியும் டாங்கி. 2024இல் கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தை அமல்படுத்தினார்கள். 18 முதல் 35 வயதுவரை உள்ள பையன்களைப் பிடித்துப் பட்டாளத்தில் போடலாம். பிள்ளைகள் காட்டுவழியாகத் தாய்லாந்துக்கு ஓடினார்கள். 1958இல் ஆறு மாதத்துக்குக் கொடுத்த சாவியை அந்த மக்கள் முழுசாகத் திரும்ப வாங்கவே இல்லை.

பாகிஸ்தானையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். 1977இல் ஜியா உல் ஹக் வந்தபோது 90 நாளில் தேர்தல் என்றார். பதினோரு வருஷம் இருந்தார், விமானம் விழுந்து செத்தபோதுதான் நாற்காலி காலியானது.

இவர்கள் எல்லோரும் வார்த்தை தவறும் ஆட்கள் என்பதால் நடந்ததா இது? நல்ல மனுஷனை உட்காரவைத்தாலும் நடக்கும். சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஏறியவன் இறங்கினால் சட்டம் அவனைப் பிடிக்கும். ஜியா தன்னால் கவிழ்க்கப்பட்ட பிரதமர் பூட்டோவை 1979இல் தூக்கில் போட்டார். அதன் பிறகு அவர் எந்த நம்பிக்கையில் தேர்தல் நடத்தி வீட்டுக்குப் போவார்? இறங்கினால் கூண்டு என்று தெரிந்தவன் காலம் முழுக்க மேலேயே இருக்கப் பார்ப்பான். ஆகவே ‘ரெண்டு வருஷம்’ என்று சொல்பவர்கள் முதல் நாளைத் தீர்மானிக்கலாம், கடைசி நாளைத் தீர்மானிக்க அவர்களுக்கு வழியே கிடையாது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

“நம்ம மிலிட்டரி அப்படி இல்லீங்க” என்பார் அண்ணன். சரிதான், இல்லை. அதற்குக் காரணம் நம் சிப்பாய்களின் ரத்தத்தில் ஏதோ தனிக் குணம் இருப்பதா? 1947வரை பாகிஸ்தான் ராணுவமும் நம் ராணுவமும் ஒரே படை, ஒரே பயிற்சி, ஒரே மெஸ். வித்தியாசம் என்னவென்றால், நம்முடையது நாட்டை ஆளவில்லை. ஆளாததால்தான் அதன் பெயர் கெடவில்லை. ஆளும் அதிகாரத்தில் கொஞ்சத்தைக் கொடுத்த இடங்களில் என்ன ஆயிற்று என்று நாகாலாந்தில் கேட்கலாம். 2021 டிசம்பர் 4 அன்று ஓட்டிங் கிராமத்துச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலை முடிந்து வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். தீவிரவாதிகள் என்று நினைத்து ராணுவம் சுட்டது. அந்த இரவும் மறுநாளும் சேர்ந்து பத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். மாநிலப் போலீஸ் 30 ராணுவத்தினர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டப்படி வழக்கு நடத்த மத்திய அரசு அனுமதி தர வேண்டும். தரவில்லை. வழக்கு அதோடு நின்றது. தேர்தலும் கோர்ட்டும் பத்திரிகையும் உள்ள நாட்டின் ஒரு மூலையில் நடந்த கதை இது. மூன்றையும் எடுத்துவிட்டு நாடு முழுக்க இதை விரித்துப் பாருங்கள்.

சிப்பாய் ஆட்சி சேலத்துக்குப் புதுசு என்றும் நினைக்க வேண்டாம். 1792 உடன்படிக்கையில் திப்பு சுல்தான் சேலத்தையும் அதை ஒட்டிய பாரமகாலையும் கும்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கார்ன்வாலிஸ் இங்கே ஆள அனுப்பியது கேப்டன் அலெக்சாண்டர் ரீடை. அவருக்கு உதவியாக மன்றோ, கிரஹாம், மெக்லியோட். நால்வரும் பட்டாளத்து ஆட்கள். ஏழு வருஷம் ஆண்டார்கள். நேர்மையான ஆட்கள் என்று பெயர், உழைப்பாளிகளும்கூட. குதிரைமேல் ஊர் ஊராகப் போய் வயலை அளந்தார்கள், நம் பாஷை கற்றார்கள். குடியானவனிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை உருவெடுத்தது இந்தப் பாரமகாலில்தான். மன்றோவுக்குச் சென்னையில் குதிரைச் சிலை இருக்கிறது. மிலிட்டரி ஆட்சிக்கு வக்காலத்து வாங்குகிறவர்களுக்கு நானே எடுத்துக் கொடுக்கும் நல்ல சாட்சி இவர்.

ஆனால் வயலை அளந்தவர், தீர்வையை விதித்தவர், வசூலித்தவர், வசூலில் தகராறு வந்தால் விசாரித்தவர் எல்லாம் ஒரே ஆள். தீர்வை கனம் என்று குடியானவன் யாரிடம் முறையிடுவான்? பின்னாளில் மன்றோ கடப்பை, பெல்லாரிப் பக்கம் போய், அங்கே தீர்வையில் கால் பங்கைக் குறைக்க வேண்டும் என்று 1807இல் தானே மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் கேட்கவில்லை. மன்றோவின் மனுவுக்கே அந்தக் கதி. வசூல், போலீஸ், தண்டனை எல்லாம் கலெக்டர் ஒருவர் கையில் இருக்கும் அந்த அச்சு நம் மாகாணத்தில் பல காலம் நீடித்தது. 1855இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கை கொடுத்தபோது, வரி வசூலுக்காகக் குடியானவன் கையை நெரிக்கும் கிட்டி மாட்டியதும், கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து அண்ணாந்தாள் பூட்டி வெயிலில் நிறுத்தியதும் அரசாங்க ஏட்டிலேயே ஏறின. நல்லவர்கள் அமைத்த ஏற்பாடுதான். கேள்வி கேட்கும் வாசல் ஒன்றை வைக்க மறந்துபோனார்கள்.

நம் பழங்கதையில் ராஜாவே ஆண்டபோதும் அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணி தொங்கியது. பசு வந்து அதை ஆட்டியது. மணியில்லாத வாசலை எந்தத் தமிழ்ப் பாட்டியும் நல்ல ஆட்சி என்று பேரனுக்குச் சொன்னதில்லை.

இனி இந்திரா காந்தி காலத்து நெருக்கடி நிலைக்கு வருகிறேன். ‘மிலிட்டரி ஆட்சி’ ஆசையின் தமிழ்நாட்டு வேர் அதுதான். “எமர்ஜென்சியில எல்லா ஆபீஸரும் பத்து மணிக்கு டாண்ணு சீட்டுல இருப்பாங்க, ரயில் டயத்துக்கு வரும்” என்று சொல்லாத அறுபது வயதுக்காரர் குறைவு. ஆபீஸர் பத்து மணிக்கு வந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. வந்தவர் பயத்தில் வந்தார். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் விசாரணையில்லாமல் அடைக்கும் மிசா சட்டத்தில் உள்ளே போனார்கள். யார் யார் கைதானார்கள் என்று செய்தி போடத் தணிக்கை விடவில்லை. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாளன்று, நினைவிடத்துக்கு அஞ்சலி செலுத்த வர இயலாதவர்கள் என்று தி.மு.க. ஏடான முரசொலி ஒரு பட்டியல் போட்டது. படித்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. தன் மகன் எந்தச் சிறையில் இருக்கிறான் என்பதை இப்படிச் சங்கேதத்தில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்த நாட்டில்தான் ரயில் டயத்துக்கு ஓடியது. சென்னை மத்தியச் சிறையில் நடந்த அடிதடியில் படுகாயப்பட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். அந்தச் சிறையில் அடி உதை நடந்தது உண்மை என்பது நீதிபதி எம்.எம். இஸ்மாயில் விசாரணையில் வெளியே வந்தது. விசாரணை எப்போது வைத்தார்கள்? நெருக்கடி நிலை முடிந்து, மக்கள் ஓட்டுப் போட்டு, டெல்லியில் ஆட்சி மாறிய பிறகு. அதற்கு முன்பே உச்ச நீதிமன்றம் 1976 ஏப்ரல் 28 அன்று, நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனு போட யாருக்கும் உரிமை இல்லை என்று நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்த ஒன்று நீதிபதி எச்.ஆர். கன்னா. கேரளத்தில் ஈச்சர வாரியர், போலீஸ் பிடித்துப்போன தன் மகன் ராஜனைத் தேடி ஆட்கொணர்வு மனு போட 1977 மார்ச்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மகன் உயிரோடு இல்லை.

சங்கடமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே 1977 மார்ச்சில் வட இந்தியா இந்திரா காந்தியைத் தூக்கி எறிந்தது. தமிழ்நாடு அவருடைய கூட்டணிக்கு 39க்கு 34 இடம் கொடுத்தது. நாம் அந்த இருட்டைத் தண்டிக்கவில்லை. நம்மில் பலருக்கு அது சுடவில்லை, அதனால்தான் இன்னும் ‘டாண்ணு பத்து மணி’ மட்டும் நினைவில் நிற்கிறது.

யாரைச் சுடும் என்பதற்கு நம் மலையிலிருந்தே ஒரு சாட்சி. ஏற்காட்டில் காலங்காலமாக இருக்கும் மலையாளிப் பழங்குடியினரின் சொந்த பந்தங்கள் கல்வராயன், சித்தேரி, கொல்லிமலை எங்கும் பரவியிருக்கிறார்கள். சித்தேரி மலை அடிவாரத்தில், அரூர் பக்கம் இருக்கும் வாச்சாத்தி அவர்களுடைய ஊர். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். எல்லோரையும் ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளை இடித்து, தானியத்தைக் கொட்டிப் பாழாக்கினார்கள். பிறகு பாதிக்கப்பட்டவர்களையே கைது செய்து சேலம் மத்தியச் சிறைக்கு அனுப்பினார்கள். ஏற்காட்டுக்கு ஏறும் பஸ் தாண்டிப்போகும் அஸ்தம்பட்டியில் இருக்கிறதே, அந்தச் சிறைக்குத்தான்.

யூனிஃபார்ம் போட்டவர்கள், மேலிடத்து உத்தரவு, கேள்வி கேட்காத கீழ்ப்படிதல், மலைமேல் யாரும் பார்க்கவில்லை என்ற தைரியம். ‘மிலிட்டரி ஆட்சி’ என்று ஆசையாகச் சொல்கிறோமே, அதன் உள்ளடக்கம் இவ்வளவுதான். வாச்சாத்தி அதை மூன்று நாள் அனுபவித்தது.

மீதிக் கதையை மிலிட்டரி ஆட்சியில் எழுதியிருக்க முடியாது. பழங்குடி மக்கள் சங்கம் ஊருக்குப் போனது. மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டார். அது உயர் நீதிமன்றம் வந்து, 1995இல் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவாயிற்று. எழுத்தறியாத பெண்கள் தர்மபுரி கோர்ட்டில் நின்று, அடையாள அணிவகுப்பில் ஆளைக் கைகாட்டினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். ஒருவர்கூட விடுதலை இல்லை. மேல்முறையீடு இன்னொரு பன்னிரண்டு வருஷம் இழுத்தது. நீதிபதி பி. வேல்முருகன் அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார். முப்பத்தொரு வருஷம். தாமதம் என்று சொன்னால் நானும் சேர்ந்து சொல்வேன், வெட்கக்கேடு என்றும் சொல்வேன். ஆனால் சீருடையிலும் அதிகாரத்திலும் வந்த 215 பேரை மலையாளிப் பெண்கள் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். அப்படி ஒன்று ராணுவம் ஆண்ட எந்த நாட்டில், ராணுவம் ஆண்டுகொண்டிருந்த காலத்தில் நடந்தது என்று யாராவது எனக்குச் சொல்லட்டும்.

இந்த இடத்தில் கெட்டிக்காரர் ஒருவர் குறுக்கே வருவார். “வாச்சாத்தியைச் செய்ததே ஜனநாயக அரசாங்கம்தானே? அப்புறம் என்ன வித்தியாசம்?” நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். அவர் வாய்க்கு இன்னொன்றும் தருகிறேன். 1950 பிப்ரவரி 11 அன்று இதே சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது சுட்டார்கள். 22 பேர் செத்தார்கள், பெரும்பாலோர் மலபார்க்காரர்கள். குடியரசாகி, அரசியல் சட்டம் அமலுக்கு வந்து அன்றோடு பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. ஜனநாயகத்தின் மைகூடக் காயவில்லை. ஓட்டு வாங்கி வந்த அரசுக்கும் துப்பாக்கி பிடிக்கத் தெரியும், அது பொய்யே இல்லை.

அதே வருஷம் இன்னொரு கம்யூனிஸ்ட் கைதி ஏ.கே. கோபாலன், சென்னை மாகாணச் சிறையில் இருந்தபடி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கில் தோற்றார். ஆனாலும் ஒரு துணுக்கை வென்றார். ஒருவரை ஏன் காவலில் வைத்தோம் என்பதை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக் கூடாது என்றிருந்த, தடுப்புக் காவல் சட்டத்தின் 14ஆம் பிரிவு செல்லாது என்றது கோர்ட். அவர் தோற்ற வாதமும் வீண்போகவில்லை. 1978இல் மேனகா காந்தி வழக்கில் நீதிமன்றம் கோபாலன் பக்கம் திரும்பியது. 1976இன் ஆட்கொணர்வுத் தீர்ப்பையும் 2017இல் உச்ச நீதிமன்றமே தவறு என்று தள்ளியது. கெட்டிக்காரருக்கு என் பதில் இதுதான்: இரண்டு ஆட்சியும் சுடும். ஒன்றில் சுட்டவன் பெயரை முப்பது வருஷம் கழித்தாவது எழுதி ஒட்டலாம். மற்றதில், செத்தவன் பெயரைச் சொன்னவனும் காணாமல் போவான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினால் எலி ஓடிவிடும், குடியிருக்க இடம் இருக்காது.

கடைசியாக ‘வளர்ச்சி’. “கொரியாவைப் பாருங்க, தளபதி ஆண்டுதானே முன்னேறினான்?” பார்க் சுங் ஹீ காலத்தில் தொழிற்சாலைகள் வந்தது நிஜம். அந்த மக்கள் அதற்காகத் தளபதிகளைக் கும்பிட்டார்களா? 1980இல் குவாங்ஜுவில் எழுந்து நின்று குண்டு வாங்கினார்கள், 1987இல் தெருவில் இறங்கி நேரடித் தேர்தலை வாங்கினார்கள், சுட உத்தரவிட்ட சுன் டூ ஹ்வானைப் பிற்பாடு கூண்டில் ஏற்றி மரண தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு அது குறைக்கப்பட்டது. 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் ராணுவச் சட்டம் அறிவித்தபோது ஜனங்கள் நடுராத்திரியில் நாடாளுமன்றத்தைச் சூழ்ந்தார்கள். உறுப்பினர்கள் சுவரேறிக் குதித்து உள்ளே போய், 190 ஓட்டில் அதை ரத்து செய்தார்கள். சில மணி நேரம்தான் தாங்கியது. மிலிட்டரி ஆட்சியில் வளர்ந்தவர்கள் என்று நாம் உதாரணம் காட்டுகிறவர்களே அதை ஒரு ராத்திரிகூட வைத்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை.

வளர்ச்சி என்றதும் எனக்கு எட்டு வழிச் சாலை நினைவுக்கு வரும். 2018இல் சேலத்திலிருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர். இதே மலையடிவாரத்து ஊர்களில் போலீஸ் துணையோடு தென்னந்தோப்புக்குள் அளவைக்கல் நட்டார்கள். கிணற்று மேட்டில் உட்கார்ந்து பாட்டிகள் அழுதார்கள். எதிர்த்துப் பேசியவர்களைக் கைது செய்தார்கள். மிலிட்டரி ஆட்சி விரும்பிகள் அப்போதும் சொன்னார்கள், “சைனாவா இருந்தா ஆறு மாசத்துல ரோடு போட்டிருப்பான்” என்று. போட்டிருப்பான். அந்த ரோட்டில் காரில் போகிறவருக்கு ஆறு மாதம் பெரிசு, கிணறு போனவளுக்கு ஆயுசே போச்சு. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிக்கையை ரத்து செய்தது. அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றம் அதைப் பெருமளவு மாற்றி, புதிதாக நடைமுறையைத் தொடங்கலாம் என்றது. யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் எப்படி வேண்டுமானாலும் நினைக்கலாம். அரசாங்கத்தை எதிர்த்து ஒரு தென்னந்தோப்புக்காரர் ஒரு சுற்றாவது ஜெயித்தார், அதுதான் எனக்கு முக்கியம்.

ஏரிக்கரை அண்ணனிடம் இதையெல்லாம் அன்றைக்கு நான் சொல்லவில்லை. படகுத்துறையில் அவர் டோக்கனைக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். இருந்திருந்தால் இந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்லியிருப்பேன். தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை இரண்டுதான், அதில் ஒன்று ஏற்காடு. 2013 டிசம்பர் 4 அன்று இங்கே இடைத்தேர்தல் நடந்தது. பணம் விளையாடியது, மந்திரிகள் மலையேறி முகாம் போட்டார்கள், அவர் அருவருக்கும் எல்லாமே அந்தத் தேர்தலில் இருந்தன. ஏறத்தாழ 89 சதவீதம் பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள். எந்தக் கட்சியும் வேண்டாம் என்று சொல்லும் நோட்டா பொத்தான் தமிழ்நாட்டிலேயே முதன்முதலாக வைக்கப்பட்டது அந்தத் தேர்தலில்தான். நாலாயிரத்துச் சொச்சம் பேர் அதை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.